ஒரு பிரதி போதாது!

வெளி மாநிலத்தில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பியதற்கான அத்தாட்சி, இன்று பெரும்பாலும் ரசீதில் இல்லை, திரையில்தான் இருக்கிறது. அதைப் பத்திரப்படுத்துவது எப்படி?

கம்ப்யூட்டரில் விண்டோஸ் விசையையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அழுத்தினால், திரை முழுவதும் படமாகி, 'பிக்சர்ஸ்' ஃபோல்டருக்குள் 'ஸ்கிரீன்ஷாட்ஸ்' என்ற இடத்தில் தானே சேர்ந்துவிடும். யு.பி.ஐ. மூலம் அனுப்பிய பணமானால், 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணும் படத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வங்கியில் புகார் கொடுக்க அது உதவும்.

அதே கம்ப்யூட்டரில் இரண்டு பிரதி வைப்பதில் பயனில்லை. டிஸ்க் பழுதானால் இரண்டுமே போய்விடும். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பதே அனுபவசாலிகளின் கணக்கு. சொந்த ஊர் வீட்டுப் பெட்டியில் ஒரு பென் டிரைவ் இருக்கட்டுமே! அவ்வப்போது அதைத் திறந்து பார்க்கவும் மறவாதீர்கள்.