பழைய லாரிக்குப் புதிய மூச்சு

அமெரிக்காவில் பாட்டனார் காலத்து லாரியைக் கண்ணுக்குக் கண்ணாகப் பேணி வருகிறவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். முன்னால் இரண்டு மூன்று பேர் நெருக்கி உட்காரும் அறை. பின்னால் சாமான் ஏற்றத் திறந்த தட்டு. இதைத்தான் அங்கே 'பிக்-அப்' என்கிறார்கள். வாரம் முழுவதும் வைக்கோலும் விறகும் சுமந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தையும் சுமந்துகொண்டு மாதா கோவிலுக்குப் போன வண்டி அது. அதை விற்றுவிட மனம் வருமா? ஆகவே தகப்பனார் ஓட்டிய வண்டியை மகனும், மகன் ஓட்டிய வண்டியைப் பேத்தியும் பழுது பார்த்துப் பழுது பார்த்து ஓட்டி வருகிறார்கள்.

இப்படி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் ஓர் ஆசை வந்து சேரும். வண்டியின் அடியில் ஓடும் புகைக் குழாய் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும். "எப்படியும் மாற்றத்தானே வேண்டும்? நம் வண்டிக்கென்றே அளவெடுத்துப் புதிதாகச் செய்து போட்டால் என்ன? கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் கம்பீரமாக முழங்கும்படி?" என்று தோன்றும். ஆசையில் தவறில்லை. ஆனால் முழக்கம் வேறு, பலம் வேறு. குரைக்கிற நாய் வேட்டை பிடிக்குமா என்று நம் பெரியோர் கேட்டு வைத்தார்கள் அல்லவா? அந்தக் கேள்வியை முதலில் கேட்டுக்கொண்டு வேலையைத் தொடங்குகிறவருக்குப் பணமும் மிஞ்சும். உயிருக்கும் அபாயம் இராது.

வண்டி எதற்கு?

உதாரணத்துக்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். 1947-ஆம் ஆண்டின் நடுவில் ஷெவர்லே கம்பெனியார் 'அட்வான்ஸ் டிஸைன்' என்ற பெயருடன் புதிய லாரி வரிசையை வெளியிட்டார்கள். 1955 வரையில் அது உற்பத்தியாயிற்று. அதில் 1953 வரை வந்த சிறிய பிக்-அப்களில் 216 கன அங்குலம் கொள்ளளவுள்ள ஆறு ஸிலிண்டர் என்ஜின் இருந்தது. தொடக்கத்தில் அதன் பலம் 90 குதிரைச் சக்தி.

இந்த என்ஜின் நிதானமான சுபாவம் உடையது. இதன் இணைப்புத் தண்டுகளின் தாங்கிகளில் மெதுவான வெள்ளீயக் கலவை பூசப்பட்டிருக்கிறது. தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பை எண்ணெயை வாரிக்கொள்வதால் அவற்றுக்கு மசகு கிடைக்கிறது. மிதமான வேகத்தில் பாரம் இழுக்கப் பிறந்த யந்திரம். பந்தயத்தில் பறக்கப் பிறந்ததல்ல. எனவே மிகு வேகத்தில் மட்டுமே பலன் தரும் பருத்த குழாயை இதற்கு மாட்டுவது, மூட்டை சுமக்கும் மாட்டுக்குப் பந்தயக் குதிரையின் சேணம் பூட்டுவதற்கு ஒப்பாகும். வண்டி ஊருக்குள் ஓடப் போகிறதா, பாரம் ஏற்றப் போகிறதா, நெடுஞ்சாலையில் நாள் முழுவதும் ஓடப் போகிறதா என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். மற்ற எல்லா அளவுகளும் அதைப் பின்பற்றியே வரும்.

ஊதுகுழல் சொல்லும் பாடம்

குழாய் பெரிதானால் புகை எளிதாக வெளியேறும். ஆகையால் பெரிதே நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். நம் வீட்டுச் சமையலறையில் ஊதுகுழல் பிடித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒடுங்கிய குழலில் ஊதினால் காற்று வேகமாகப் பாய்ந்து நெருப்பைக் கிளப்புகிறது. அதே மூச்சைப் பானை வாய் அகலமுள்ள குழாயில் ஊதிப் பாருங்கள், சாம்பல்கூட அசையாது.

என்ஜினிலும் இதே நியாயந்தான். ஒவ்வொரு ஸிலிண்டரிலிருந்தும் புகை தொடர்ந்து ஒழுகுவதில்லை. துடிப்புத் துடிப்பாகப் பாய்கிறது. வேகமாக ஓடும் ஒரு துடிப்பு தனக்குப் பின்னால் அழுத்தக் குறைவை உண்டாக்கி, அடுத்த துடிப்பை இழுத்துக்கொண்டு போகிறது. குழாய் மிகவும் ஒடுங்கினால் புகை தேங்கும். மிகவும் பருத்தால் வேகம் குன்றி அந்த இழுப்பு அற்றுப்போகும். இரண்டு அங்குலக் குழாயை இரண்டரை அங்குலமாக்கினால் விட்டம் கால் பங்குதான் கூடுகிறது. ஆனால் வாயின் பரப்பு ஏறக்குறைய 56 சதவிகிதம் கூடிவிடுகிறது! எனவே அரை அங்குலந்தானே என்று அலட்சியம் செய்யலாகாது. நாம் சொல்லும் என்ஜினுக்கு ஒற்றைக் குழாயானால் இரண்டு அங்குலமும், இரட்டைக் குழாயானால் தலைக்கு ஒன்றே முக்கால் அங்குலமும் போதும் என்பது நம் அபிப்பிராயம்.

ஆறு ஸிலிண்டரின் தாளம்

இரட்டைக் குழாய் வெறும் ஆடம்பரமா? இந்த என்ஜினைப் பொறுத்தவரை அதற்கு நல்ல காரணம் உண்டு. இதன் ஸிலிண்டர்கள் 1, 5, 3, 6, 2, 4 என்ற வரிசையில் வெடிக்கின்றன. முன் மூன்றை ஒரு குழாயிலும் பின் மூன்றை மற்றொரு குழாயிலும் சேர்த்தால் என்ன ஆகிறது? முன், பின், முன், பின் என்று தாளம் தப்பாமல் மாறி மாறி வருகிறது. ஒரு துடிப்பு அடங்குமுன் அடுத்தது அதே குழாயில் வந்து முட்டுவதில்லை. அந்த இனிய உறுமலுக்கும் இந்த ஒழுங்கே காரணம். ஷெவர்லேயின் எட்டு ஸிலிண்டர் என்ஜினில் இரு பக்கங்களும் இப்படி ஒழுங்காக மாறி வருவதில்லை. அதனால்தான் அங்கே இரண்டு குழாய்களுக்கும் குறுக்கே ஓர் இணைப்புக் குழாய் வைக்கிறார்கள்.

ஆனால் இங்கே ஒரு சூக்ஷ்மம் இருக்கிறது. பழைய ஆறு ஸிலிண்டர் என்ஜினில் கலவை உள்ளே போகும் வார்ப்பும் புகை வெளியேறும் வார்ப்பும் ஒரே பக்கத்தில், ஒன்றோடொன்று சேர்த்து முடுக்கப்பட்டிருக்கும். புகையின் சூடு கார்பொரேட்டரின் அடியை வெதுவெதுப்பாக்கிப் பெட்ரோல் நன்றாக ஆவியாக உதவுகிறது. அழகான தனிக் குழாய்களை வாங்கி மாட்டி இந்தச் சூட்டைத் துண்டித்துவிட்டால், குளிர்காலக் காலையில் வண்டி இருமும், திணறும். மாற்றுச் சூட்டுக்கு வழி செய்யாமல் பழைய வார்ப்பைக் கழற்றலாகாது. வெந்நீர் ஓடும் தகடு வைப்பது ஒரு வழி.

காகிதத்தில் முதலில், இரும்பில் பிறகு

வெட்டுமுன் வண்டியின் அடியில் படுத்து, குழாய் போகும் வழி முழுவதையும் அளந்து காகிதத்தில் வரைந்துகொள்ள வேண்டும். பிரேக் குழாய், பெட்ரோல் குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்கு அருகில் சூடு போகக் கூடாது. இந்த லாரிகளின் பின்தட்டு மரப் பலகையால் ஆனது. அதன் அடியில் தாராளமாக இடைவெளி வேண்டும். 1949 முதல் பெட்ரோல் டாங்கி அறைக்குள்ளேயே, ஆசனத்தின் பின்னால் வைக்கப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. பின் அச்சுக்கு மேலே குழாய் வளைந்து போகும் இடத்தில், வண்டி காலியாக நிற்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. பாரம் ஏறினால் தட்டு தாழும். குழாய் அச்சில் இடிக்கும்.

இரும்பும் சும்மா இராது. மூன்று மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாயின் சூடு 300 டிகிரி ஏறினால் அது சுமார் 11 மில்லிமீட்டர் நீளும். என்ஜினும் தன் ரப்பர்த் தாங்கிகளின்மேல் ஆடும். ஆகவே குழாயை ரப்பர் வைத்த தொங்கல்களில் தொங்கவிட வேண்டும். இறுகக் கட்டினால் எங்கேனும் விரிசல் விடும். வளைவுகளில் குழாய் நசுங்காமல், உள்விட்டம் குறையாமல் வளைத்துத் தரும் பட்டறையைத் தேடிப் பிடிப்பது நல்லது. எல்லாத் துண்டுகளையும் முதலில் புள்ளி வைத்தாற்போல் ஒட்டி, பாரம் ஏற்றிப் பார்த்து, அதன்பின் முழுப் பற்றவைப்பு செய்வதே புத்திசாலித்தனம்.

எந்த உலோகம் என்பது அடுத்த கேள்வி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்றால் நேயர்கள் நம்புவார்களா? உண்மை அதுதான். நீண்ட பயணத்தில் அது ஆவியாகப் போய்விடும். பக்கத்துக் கடைக்குப் போய்த் திரும்பும் வண்டியிலோ அது சைலன்ஸருக்குள்ளேயே தங்கி, உள்ளிருந்து அரிக்கும். ஆதலால் எப்போதாவது எடுக்கப்படும் பழைய வண்டிக்குத்தான் துருப்பிடிக்காத எஃகு அதிகம் தேவை. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்களுக்கு அலுமினியம் பூசிய எஃகு நடுத்தரமான வழி.

கண்ணுக்குத் தெரியாத எமன்

எல்லாவற்றிலும் முக்கியமானதைக் கடைசியில் சொல்கிறோம். புகையில் உள்ள கார்பன் மானாக்ஸைடு என்னும் விஷவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளை அது பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. பழைய லாரியில் அதை எரித்துத் தீர்க்கும் சாதனம் எதுவும் இல்லை. தரையில் பெடல் போகும் துவாரங்கள் உண்டு. துரு அரித்த ஓட்டைகளும் இருக்கலாம். ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்று சுழன்று, திறந்த பின் ஜன்னல் வழியாகப் புகையை உள்ளே இழுக்கவும் கூடும். உள்ளே தூங்கும் குழந்தைக்குத் தூக்கம் எது, மயக்கம் எது என்று யார் சொல்லக்கூடும்?

ஆகையால் குழாயின் வால்முனை அறையின் அடியில் முடியவே கூடாது. தட்டையும் தாண்டி வெளியே வர வேண்டும். தரையின் ஓட்டைகளை அடைத்த பிறகே குழாய் வேலையைத் தொடங்க வேண்டும். வேலை முடிந்ததும் திறந்த வெளியில் என்ஜினைக் கிளப்பி, வால்முனையைத் துணிச் சுருளால் ஒரு கணம் அடைத்துப் பார்த்தால், ஒழுக்குள்ள இணைப்பு உஸ்ஸென்று தன்னைக் காட்டிக் கொடுத்துவிடும். பளபளக்கும் குரோமிய முனைக்குச் செலவிடும் பணத்தை நல்ல இணைப்புகளுக்கும், அறைக்குள் வைக்கும் ஒரு விஷவாயு எச்சரிக்கைக் கருவிக்கும் முதலில் செலவிடட்டும்.

சட்டமும் உண்டு. கலிபோர்னியாவில் 1975-ஆம் ஆண்டு மாடல் வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை இல்லை. ஆனால் சத்தத்துக்கு வரம்பு உண்டு. மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்குக் குறைந்த வண்டிகள் முறைப்படி சோதிக்கும்போது 95 டெசிபலைத் தாண்டக் கூடாது. புகையைச் சுத்தம் செய்யும் சாதனத்துடன் பிறந்த பிற்கால லாரிகளிலிருந்து அதைக் கழற்றி எறிவதை அமெரிக்க மத்தியச் சட்டமே தடுக்கிறது.

அதிகாலையில் வண்டியைக் கிளப்பும்போது பக்கத்து வீட்டுக் கிழவர் விழித்துக்கொள்ளாமலும், மாலையில் அது திரும்பும்போது உள்ளே இருப்பவர்கள் தலைவலி இல்லாமல் சிரித்துக்கொண்டு இறங்கியும் வந்தால், அந்தக் குழாயைச் செய்தவர் தம் தொழிலை அறிந்தவர் என்று நாம் தயங்காமல் சொல்லலாம்.