"முன்பாரமா இருக்கு... தள்ளி உட்காருங்க!" - ஜட்கா வண்டிக்காரர் சொன்ன குதிரைப் பாடம்

ராஜபாளையம்-

"ஐயா, முன்பாரமா இருக்கு... கொஞ்சம் பின்னாடி தள்ளி உட்காருங்க!"

ஜட்கா வண்டிக்காரரின் இந்தக் குரலை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

பாரம் முன்னால் சாய்ந்தால் குதிரையின் முதுகை அழுத்தும். பின்னால் சாய்ந்தால் வண்டி அண்ணாந்துவிடும். அச்சுக்கு நேராகப் பாரம் நின்றால்தான் ஓட்டம்!

ஜட்கா போய் ஆட்டோ வந்துவிட்டது. ஆனால், குதிரையேற்ற மாஸ்டர்கள் இன்றும் சொல்லித் தருவது இதே பாடத்தைத்தான்.

முன்னங்காலில் 60 பங்கு!

குதிரை சும்மா நிற்கும்போதே அதன் எடையில் 100-க்கு ஏறக்குறைய 60 பங்கு முன்னங்கால்களில் விழுகிறது. கழுத்தும் தலையும் முன்னால் நீட்டிக் கொண்டிருப்பதே காரணம். 400 கிலோ குதிரை என்றால் சுமார் 240 கிலோ!

மனிதனுக்கு உள்ள காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னங்கால்களுக்கு நடுவே உடம்பைத் தொட்டில் போலத் தாங்குவது வெறும் சதைதான்.

அதன் மேல் ஒரு ஆள் ஏறினால்? அவர் உட்காரும் இடமும் முன்னங்கால் பக்கம்தான். பழகாத குதிரை தடுமாறும். பயந்துபோனவர் கடிவாளத்தை இழுப்பார். வாய் வலித்த குதிரை தலையைத் தூக்கும். முதுகு பள்ளமாகும். தடுமாற்றம் இன்னும் கூடும்!

தேரைப் பாருங்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலின் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருந்தாலும், தேர் திரும்புவது சக்கரத்துக்குக் கட்டை போடுபவர்களால்தான். வெறும் இழுப்பு தேரைத் திருப்பாது!

குதிரையும் அப்படித்தான். திருப்புவதும் நிறுத்துவதும் கடிவாளம் மட்டும் அல்ல. ஏறியவரின் இடுப்பும் கால்களும்தான். அவர் எடையை மாற்றினால் குதிரைக்குத் தெரிந்துவிடும்.

குதிரைக்கு 'இஞ்சின்' பின்னங்கால்கள். அவற்றை வயிற்றுக்கு அடியில் நன்றாக எடுத்து வைக்கப் பழக்கிவிட்டால் முன்பாரம் குறையும். வட்டமாக நடத்துவது, நடையிலிருந்து ஓட்டம், ஓட்டத்திலிருந்து நடை, நிறுத்திப் பின்னுக்கு நகர்த்துவது... எல்லாம் இதற்குத்தான்.

தோளைச் சற்று உள்பக்கம் திருப்பி, குதிரையைப் பக்கவாட்டில் நடத்தும் ஒரு பயிற்சி உண்டு. 1733-ல் பிரெஞ்சு மாஸ்டர் கெரினியேர் தமது நூலில் எழுதி வைத்த அந்தப் பயிற்சி இன்றும் நடக்கிறது!

காதால் கேட்கும் மாஸ்டர்

நடைக்கு 4 தட்டு. பெருநடைக்கு 2 தட்டு. மெதுவான பாய்ச்சலுக்கு 3 தட்டு. குளம்பொலி பிசகினாலே, "சமநிலை போச்சு" என்று மாஸ்டர் கண்டுபிடித்துவிடுவார். முதலில் தாளம், வேகம் பிறகு!

கற்க வந்தவருக்கும் இதே கதைதான். வியன்னாவில் 400 ஆண்டுகளுக்கு மேல் பழமையான குதிரைப் பள்ளி ஒன்று உண்டு. அங்கே புதிய மாணவருக்குக் கடிவாளமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது! நீளக் கயிற்றில் குதிரை சுற்றிவர, விழாமல் உட்காரவே மாதக்கணக்கில் பழக வேண்டும்.

இந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. 2023 செப்டம்பரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில், குதிரையை நளினமாக நடத்தும் 'டிரஸ்ஸாஜ்' குழுப் போட்டியில் இந்தியா தங்கம் வென்றது. 1982 டெல்லி போட்டிக்குப் பிறகு, 41 ஆண்டுகள் கழித்துக் குதிரையேற்றத்தில் கிடைத்த தங்கம் அது!

மாப்பிள்ளை கவனிக்க!

பிள்ளைகளைக் குதிரையேற்றத்துக்கு அனுப்பும் பெற்றோர் முதல் நாளே மைதானத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். தலைக்கவசம் உண்டா? குதிகால் வைத்த செருப்பு போடச் சொல்கிறார்களா? குதிகால் இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். விழுந்தால் குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடிவிடும்! முதல் நாளே பாய்ச்சல் விடும் மாஸ்டரிடம் பிள்ளையை விடவே கூடாது.

குதிரை சுமக்கும் பாரம், சேணமும் சேர்த்து, அதன் எடையில் 5-ல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான கணக்கு. 300 கிலோ குதிரைக்கு 60 கிலோ. ஊர்வலத்தில் 90 கிலோ மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தால் அது என்ன செய்யும், பாவம்!

"பாரம் ஜாஸ்தி, இறங்குங்க" என்று ஜட்காக்காரர் சொல்வார். குதிரைக்குத்தான் வாய் இல்லையே!