சவ்வு காயாமல் இருக்க

சிதறால் பக்கம் ரப்பர்ப் பாலைத் தட்டில் உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக எடுக்கிறார்கள். அந்த ஷீட் அப்படியே டயராகிவிடாது. கார்பன் கரியோ சிலிக்காவோ கலந்தால்தான் தேய்மானத்தைத் தாங்கும். எரிபொருள் மின்கலத்தின் சவ்விலும் சிலிக்காவைச் சேர்க்கிறார்கள், வேறொரு காரணத்துக்காக.

இந்தக் கலத்தில் எதுவும் எரிவதில்லை. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன், நடுவே மெல்லிய பாலிமர் சவ்வு. வினையூக்கியான பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் பிரிகிறது. புரோட்டான் சவ்வுக்குள் நுழைகிறது. எலக்ட்ரானுக்கு அங்கே வழியில்லாததால் வெளிக்கம்பி வழியே சுற்றி வருகிறது. அதுதான் மின்சாரம். மறுபக்கத்தில் இவை ஆக்சிஜனோடு சேர, கழிவாக வருவது தண்ணீர் மட்டுமே. திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் செய்த இத்தகைய கலம் 2024 ஜனவரியில் விண்வெளியில் 180 வாட் மின்சாரம் தந்தது.

ஆனால் புரோட்டான் ஓடச் சவ்வுக்குள் ஈரம் வேண்டும். உலகெங்கும் பயன்படும் நஃபியான் சவ்வு 80 டிகிரி செல்சியஸ் வரை நன்றாக உழைக்கும். 100 டிகிரியைத் தாண்டினால் நீர் வற்றி, புரோட்டான் திணறும். வெப்பத்தைக் கூட்டாமலே இருந்துவிடலாமே என்றால், ஹைட்ரஜனில் கலந்துவரும் கார்பன் மோனாக்சைடு பிளாட்டினத்தை முடக்கிவிடுகிறது. சூடு ஏறினால்தான் அந்தத் தொல்லை குறையும்.

அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து உருவான காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் (சிக்ரி) இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தது. ஏ.கே. சுக்லா உள்ளிட்ட அதன் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட முறை அழகானது. சிலிக்கா தரும் திரவச் சேர்மத்தை நஃபியான் கரைசலோடு சேர்த்தார்கள். வழக்கமாக இந்த வினையைத் தூண்டத் தனியாக அமிலம் ஊற்றுவார்கள். இவர்கள் ஊற்றவில்லை, நஃபியானுக்குள்ளேயே இருக்கும் அமிலத்தை வேலை வாங்கினார்கள். சிலிக்கா வெளியிலிருந்து தூவப்படாமல், பாலிமருக்குள்ளேயே விளைந்தது. நீரை இழுத்துப் பிடிக்கும் அந்தத் துகள்களால், காற்றில் ஈரம் குறைந்தபோதும் சவ்வு சட்டென வறளவில்லை.

அளவு மீறினால் ஆபத்து. சிலிக்கா கூடினால் சவ்வு நொறுங்கும், புரோட்டானின் வழியும் அடைபடும்.

நஃபியானின் விலையோ இன்னும் பெரிய தடை. அதனால் சிக்ரியின் ஆய்வாளர்கள் பாலிவினைல் ஆல்கஹால், இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசான் போன்ற மலிவான பாலிமர்களையும் எடுத்து, கனிமப் பொருள்களோடு கலந்து, மெத்தனாலில் ஓடும் எரிபொருள் கலங்களுக்கான சவ்வுகளைச் செய்து பார்த்திருக்கிறார்கள்.