கரண்ட் போனால் தண்ணீரும் போகும்

காவிரிப் படுகைக்கு வெள்ளம் இரண்டு வழியாக வருகிறது. ஆடி, ஆவணியில் கர்நாடகத்து அணைகள் நிரம்பி, மேட்டூரின் உபரி நீர் கொள்ளிடத்தில் திருப்பிவிடப்படும்போது, திருவிடைமருதூர் வட்டாரத்தில் ஒரு பொட்டு மழை இல்லாமலே ஆறு கரைபுரளும். ஐப்பசி, கார்த்திகையில் வருவது வேறு. வங்கக் கடலில் எழும் தாழ்வு மண்டலமோ புயலோ ஊரின் மேலேயே மழையைக் கொட்டும். வடிகால் வாய்க்கால்களில் நீர் வடியாமல் எதிர்த்து நிற்க, வயலும் கொல்லையும் தெருவும் ஒரே நீர்ப்பரப்பாகிவிடும்.

முதல் வகை வெள்ளத்துக்கு அவகாசம் உண்டு. மேட்டூரில் எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்பது அன்றாடச் செய்தி. அந்தத் தண்ணீர் முக்கொம்பு, கல்லணையைக் கடந்து, 1836-இல் கட்டப்பட்ட அணைக்கரைக் கீழணைக்கு வந்து சேர்வதற்குள் கொள்ளிடக் கரையோரத்து மக்கள் மாட்டை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட முடியும். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகளையே அடித்துக்கொண்டு போன ஆறு அது. அறிவிப்பு வந்தபின் தாமதிப்பதற்கு அங்கே இடமில்லை. ஆனால் ஒரு குடும்பத்தின் ஆயத்தத்தை உண்மையில் சோதிப்பது இரண்டாவது வகை. அதில் வீட்டைவிட்டுப் போக வேண்டிய தேவை பலருக்கு இருக்காது. வெளி உதவி எதுவும் எட்டாத வீட்டுக்குள் சில நாட்களைத் தள்ளியாக வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கத்துத் தென்னந்தோப்புகள் அடியோடு போயின. வடக்கே இருக்கும் திருவிடைமருதூருக்கு அந்த அளவு அடி விழவில்லை என்றாலும், அந்த நாட்கள் டெல்டா முழுவதற்கும் ஒரு பாடத்தை விட்டுச் சென்றன. பல ஊர்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. இருட்டைச் சமாளிக்க மெழுகுவத்தி போதும். தண்ணீருக்கு வழியில்லை. ஆழ்துளைக் கிணற்றில் மோட்டார் இறங்கியிருந்தது, மேலே தொட்டி காலியாக இருந்தது, ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியும் அப்படியே. வாடகை ஜெனரேட்டரை வீடு வீடாக இழுத்துச் சென்று, காசு கொடுத்துத் தொட்டி நிரப்பினார்கள். அடிபம்பு இருந்த வீட்டு வாசலில் குடங்கள் வரிசையில் நின்றன.

ஒரு தலைமுறைக்கு முன் இந்த நிலை வந்திருக்காது. கொல்லைக் கிணற்றில் சகடையும் கயிறும் இருந்தன. தெருமுனையில் அடிபம்பு இருந்தது. மோட்டார் வந்ததும் கிணறு குப்பை கொட்டும் குழியாயிற்று, பம்பின் கைப்பிடி துருப்பிடித்துக் கழன்றது. ஆகவே டெல்டாவில் ஒரு வீடு செய்துகொள்ள வேண்டிய முதல் ஏற்பாடு, கரண்ட் இல்லாமல் தண்ணீர் எடுக்கும் ஒரு வழியை உயிரோடு வைத்திருப்பதுதான். தூர்க்காத கிணறு இருந்தால் சகடையும் கயிறும் வாளியும் போதும். நிலத்தடி நீர் ஏழு மீட்டருக்குள் இருக்கும் இடத்தில் சாதாரண அடிபம்பே இழுக்கும். அதற்குக் கீழே போனால், உருளை உள்ளே இறங்கியிருக்கும் இந்தியா மார்க் 2 வகை வேண்டும். தனி வீட்டால் முடியாவிட்டால் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒன்றைப் பழுதுபார்த்து வைத்துக்கொள்ளலாம்.

புயல் அறிவிப்பு வந்த அன்றே தொட்டி, அண்டா, குடம் எல்லாவற்றையும் நிரப்பிவிட வேண்டும். நெருக்கடிக் காலத்தில் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் என்பது உலக அளவில் நிவாரணப் பணிகளில் கொள்ளும் கணக்கு. அதன்படி நான்கு பேருக்கு 60 லிட்டர். மொட்டைமாடியில் இருக்கும் 500 லிட்டர் தொட்டி, கணக்காகச் செலவழித்தால் எட்டு நாள் வரும். வழக்கம்போல் குழாயைத் திறந்துவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துபோகும். தொட்டியிலிருந்து வரும் வால்வை மூடிவிட்டு, வேண்டியதை மட்டும் பிடித்துக்கொள்வது நல்லது.

புயல் கொண்டுவரும் தண்ணீரையே பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். 50 சதுர மீட்டர் மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அதுவே 500 லிட்டர். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டபோது போட்ட குழாய்கள் பல வீடுகளில் இலையும் மண்ணும் அடைத்துக் கிடக்கின்றன. புரட்டாசி முடிவதற்குள் அவற்றைச் சுத்தம் செய்து, முதலில் வடியும் அழுக்கு நீரை வெளியே விட்டு, பிறகு வருவதைப் பிடித்தால் துவைக்கவும் கழுவவும் ஆகும். குடிக்க வேண்டுமானால் துணியில் வடிகட்டி, தளதளவென்று கொதிக்கும்வரை காய்ச்சி, மேலும் ஒரு நிமிடமாவது கொதிக்கவிட வேண்டும்.

வெள்ளம் புகுந்த கிணற்றை அப்படியே பயன்படுத்தக் கூடாது. கலங்கல் நீரை இறைத்து வெளியேற்றிய பிறகு பிளீச்சிங் பவுடர் இட வேண்டும். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் என்பது பொதுக் கணக்கு. ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள உறைக்கிணற்றில் மூன்று மீட்டர் தண்ணீர் இருந்தால் அது சுமார் 5,300 லிட்டர். 13 கிராம் பவுடர் போதும். பவுடரை நேரே கொட்டினால் சுண்ணாம்பு அடியில் தங்கி நீர் கடினமாகிவிடும். ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, பத்து நிமிடம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் கிணற்றுக்குள் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துக் குளோரின் வாடை லேசாக இருந்தால் சரி. வாடையே இல்லையென்றால், அழுக்கு அதையெல்லாம் தின்றுவிட்டது என்று பொருள். இன்னொரு முறை இட வேண்டும்.

உணவைப் பொறுத்தவரை இந்த வட்டாரத்துக்குப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. புழுங்கல் அரிசி, அவல், பொரி, வற்றல், ஊறுகாய், வெல்லம் எல்லாம் அடுப்பு எரியாத நாட்களுக்கும் துணை நிற்பவை. எலியும் ஈரமும் எட்டாமல் பரணில் வைத்தால் போதும். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக் கடை திறந்திருக்காது என்பதால் ஓஆர்எஸ் பொட்டலங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லாத வேளையில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் தேக்கரண்டியால் தலைதட்டி ஆறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. உப்பு இதற்கு மேல் கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

மின்சாரத்தில் வீட்டுக்குத் தேவையான பாதுகாப்பு ஆர்சிடி என்னும் சிறு கருவி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டித்துவிடும். ஈரச் சுவரும் பழைய ஒயரும் உள்ள வீட்டில் உயிர் காக்கக்கூடியது அதுதான். தண்ணீர் வாசல்படியை எட்டும் முன்பே மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ ஓட்டினால் மணமில்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே கொல்லும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கசிந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் கதவைத் திறந்துவிட வேண்டும். கூரை வீட்டில் அடுப்படியின் மேல் கீற்று தாழ்ந்திருக்கக் கூடாது. கும்பகோணத்துப் பள்ளியில் 2004 ஜூலை 16 அன்று சமையல் கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக் கூரைக்குத் தாவித்தான் 94 குழந்தைகளைக் கொன்றது. அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

காற்று திடீரென்று ஓய்ந்துவிட்டால் புயல் போய்விட்டது என்று வெளியே வருவது பெரும் பிழை. புயலின் கண் கடக்கும்போது சிறிது நேரம் அமைதி நிலவும். பின்னர் எதிர்த்திசையிலிருந்து காற்று அதே வேகத்தில் அடிக்கும்.

வயல் மூழ்கினால் பாம்பு வீடு தேடும். பாம்புகளில் அதிகம் அஞ்ச வேண்டியது கட்டுவிரியனுக்கு. இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலி தெரியாது, பல் தடம்கூடத் தெரியாமல் போகும். விடிகாலையில் வயிற்றுவலி, கண்ணிமை சொருகல், விழுங்க முடியாமை என்று வரும்போது பலர் அதை அஜீரணம் என்று நினைத்துக் காலம் கடத்துகிறார்கள். கட்டிலில் படுப்பதும், கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகுவதும் நல்ல காப்பு. கடித்தபின் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கேடு. கொலுசு, மெட்டி, மோதிரத்தைக் கழற்றி, எலும்பு முறிவுக்குக் கட்டுவதுபோல் கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நடக்கவிடாமல் தூக்கிச் செல்ல வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான் என்பதால் பாம்பை அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை.

பட்டா, குடும்ப அட்டை, ஆதார், பயிர்க் காப்பீட்டு ரசீது, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வைக்க வேண்டும். திருபுவனம் பக்கத்து நெசவு வீடுகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு: குழித்தறியின் பள்ளத்தில்தான் முதலில் ஊற்று சுரக்கும், ஆகையால் பட்டு நூலையும் மின்பொருட்களையும் அதற்கு முன்னதாகவே மேலே ஏற்றிவிட வேண்டும்.

கைப்பேசி அணைந்துவிட்டால் அதில் சேமித்த எண்களும் கிடைக்காது. அவற்றை அடுக்களைச் சுவரில் கரியாலாவது எழுதி வைக்கலாம்: ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எரிவாயுக் கசிவு 1906, மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987, மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.