யாருடைய பெற்றோலை மிச்சம் பிடிப்பது?

பழைய காரை ஒப்படைத்துவிட்டு எண்ணெய் குறைவாகக் குடிக்கிற காரை வாங்குகிறவருக்கு அரசு கைகொடுக்க வேண்டுமா? அமெரிக்கா 2009 கோடையில் அப்படிக் கொடுத்தது. வண்டி ஒன்றுக்கு 3,500 அல்லது 4,500 டொலர். ஒப்படைத்த வண்டியின் எஞ்சினுக்குள் சோடியம் சிலிக்கேற்றை ஊற்றி, இறுகி நிற்கும்வரை ஓடவிட்டார்கள். யாரும் மறுபடி ஓட்டிவிடக் கூடாது என்பதுதான் எண்ணம். ஏழு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான வண்டிகள் இப்படி முடிந்தன. 300 கோடி டொலர் ஒதுக்கிய திட்டம் இரண்டு மாதம்கூட நிற்கவில்லை. ஜேர்மனியும் அதே ஆண்டில் ஒன்பது வயதோ அதற்கு மேலோ ஆன கார்களுக்கு 2,500 யூரோ கொடுத்தது. பிறகு பொருளியலாளர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, அமெரிக்காவில் அந்தப் பணத்துக்குக் கார் வாங்கியவர்களில் பெரும்பாலானோர் சில மாதங்களில் எப்படியும் வாங்க இருந்தவர்கள் என்று தெரிந்தது.

அந்த நாடுகளுக்குக் கார்த் தொழிற்சாலைகளைக் காப்பாற்றுகிற அவசரமும் இருந்தது. நமக்கு அது இல்லை. இலங்கைக்குக் காரும் கப்பலில் வருகிறது, எண்ணெயும் கப்பலில் வருகிறது. இரண்டுக்கும் டொலர்தான். இங்கே அரசு கொடுக்கும் சலுகை காசோலையாக வருவதில்லை, இறக்குமதி வரியில் குறைத்துத் தருவதாகத்தான் வரும்.

அதை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். 2010-க்குப் பிறகு ஹைபிரிட் கார்களுக்கு வரி குறைந்தது. பிரியஸ், அக்குவா, பிற்பாடு வெசல் என்று வீதியில் நிறைந்தன. மின்காருக்கு வரி குறைவாக இருந்த சொற்ப காலத்தில் நிசான் லீஃப் வந்தது. 2015 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் அந்த வரி ஏறியதும் வரத்து சுருங்கியது. 2018-இல் ரூபாய் சரிந்தபோது சிறிய கார்களுக்கும் வரி ஏறியது. 2020 மார்ச்சில் இறக்குமதியே நின்று, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. இத்தனை ஏற்ற இறக்கத்திலும் ஒரு நிபந்தனையை மட்டும் காணோம்: புதியதை வாங்குகிறவர் பழையதை ஒப்படைக்க வேண்டும் என்பது. அரச ஊழியர்களுக்குக் கொடுத்த வரிச்சலுகைப் பெர்மிட்டிலும் அது இருக்கவில்லை. பெர்மிட்டையே விற்றுக் காசாக்கியவர்களை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே கொழும்பில் ஒருவர் ஹைபிரிட் வாங்கினால் அவருடைய பழைய கார் சாகாது. கைமாறிக் கைமாறி மட்டக்களப்பின் எழுவான்கரைக்கு வந்து, செட்டிபாளையத்தில் யாரோ ஒருவரின் முற்றத்தில் நிற்கும். நாட்டின் கணக்கில் ஒரு கார் கூடியிருக்கிறது, எண்ணெய் குறையவில்லை. இறக்குமதி நின்ற ஆண்டுகளில் பழைய கார்களின் விலை வாங்கிய விலையைத் தாண்டி ஏறியதையும் பார்த்தோம். அப்படிப்பட்ட சொத்தை நசுக்குவதற்குக் கொடு என்றால் யார் கொடுப்பார்?

சரி, ஒப்படைக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். முற்றத்துக் கார் லீற்றருக்கு 8 கிலோமீற்றர் ஓடுகிறது. கலியாணம், கோயில், மட்டக்களப்பு ஆசுபத்திரி என்று ஆண்டுக்கு 4,000 கிலோமீற்றர். 500 லீற்றர் வேண்டும். லீற்றருக்கு 20 ஓடுகிற புதிய காருக்கு 200 லீற்றர் போதும். மிச்சம் 300 லீற்றர். லீற்றர் 300 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 90,000 ரூபாய். கார் 80 இலட்சம் என்றால், மிச்சம் பிடிக்கிற பெற்றோலில் அதன் விலை திரும்பிவர ஏறத்தாழ எண்பத்தொன்பது ஆண்டுகள் ஆகும்! பேரப்பிள்ளைதான் கணக்கை முடிக்க வேண்டும்.

இனி ஹயருக்கு ஓடுகிற ஒரு வானைப் பாருங்கள். களுவாஞ்சிகுடி, கல்முனை, மட்டக்களப்பு, இடையில் குருக்கள்மடத்துப் படகுப்பாதையில் ஏறி அம்பிளாந்துறை என்று ஆண்டுக்கு 40,000 கிலோமீற்றர். 8 ஓடுகிற வானுக்கு 5,000 லீற்றர். அதை 12 ஓடுகிற வானாக மாற்றினால் ஏறத்தாழ 3,330. மிச்சம் 1,670 லீற்றர். காரில் எட்டை இருபதாக்கியும் கிடைத்தது 300 லீற்றர்தான். வானில் எட்டைப் பன்னிரண்டாக்கினாலே அதைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்று மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் படாது. ஆண்டுக்கு எத்தனை லீற்றர் என்று பார்க்க வேண்டும்.

வாகனத்தின் வயதை வைத்துச் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி பக்கத்தில் இருக்கிறது. பத்து வயது டீசலும் பதினைந்து வயது பெற்றோலும் ஓடக்கூடாது என்பது அங்கே பழைய விதி. 2025 யூலை முதலாம் திகதி முதல் அப்படிப்பட்ட வண்டிக்கு எண்ணெயே கொடுக்காதே என்றார்கள். சில நாளில் பின்வாங்க வேண்டியதாயிற்று. நன்றாகப் பராமரித்த கார் வைத்திருந்தவர்கள் எதிர்த்துக் கேட்டதில் நியாயம் இருந்தது. டெல்லிக்குப் புகைமண்டலம் ஒரு காரணம். நமக்குக் கவலை டொலர். வண்டி எவ்வளவு டொலர் குடிக்கிறது என்பதை அதன் வயது சொல்லாது.

இங்கே பழைய வண்டிகள் நின்று பிடிப்பதற்கு இன்னொரு காரணம் கராச். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோலைச் சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். அந்த எஞ்சினை எந்தக் கராச் பாஸும் கழற்றிப் பூட்டுவார். ஹைபிரிட்டின் பற்றரி போனால் அது நடக்காது, செலவும் பெரியது. சலுகை அறிவிப்பில் இந்தச் செலவை யாரும் சொல்வதில்லை.

அப்படியானால் யார் எவ்வளவு ஓடுகிறார் என்று அரசுக்கு எப்படித் தெரியும்? ஒருமுறை தெரிந்திருந்தது. 2022 யூனில் 92 ஒக்ரேன் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறிய பிறகு, யூலையில் கியூஆர் எரிபொருள் பங்கீடு வந்தது. ஒவ்வொரு வண்டியும் வாரத்துக்கு எத்தனை லீற்றர் அடிக்கிறது என்பது 2023 செப்டம்பரில் அதை நிறுத்தும்வரை பதிவானது. தொடக்கத்தில் காருக்கு 20 லீற்றர், பிழைப்புக்கு ஓடுகிற ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று பங்கு போட்டது வேறு கதை. அந்த முறை இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்கு வண்டி போகத்தான் வேண்டும். அது இல்லாமல் பிரதேச செயலகத்தில் வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்காது.  அங்கே மீற்றரின் அளவையும் ஆண்டுதோறும் சேர்த்துப் பார்த்தால், மூன்று நான்கு ஆண்டில் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். மீற்றரைத் திருப்புகிறவர்கள் இருக்கிறார்களே என்றால், அவர்கள் வழக்கமாகக் குறைத்துத்தான் திருப்புவார்கள். கூட ஓடியவருக்கே சலுகை என்றால் அந்த ஆசை போய்விடும், எதிர்ப்பக்கம் திருப்புகிற ஆசை வரும். அதையும் யோசிக்க வேண்டும்.

என் பார்வையில் முதலில் வரவேண்டியவை ஓட்டோக்கள், வான்கள், தனியார் பஸ்கள். இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோ இறக்குமதியை 2008-இல் நிறுத்தினார்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தவற்றை வாங்கி உடைக்க யாரும் பணம் கொடுக்காததால் அவை தேய்ந்து முடியும்வரை ஓடின. எண்ணெயே வேண்டாத மின்சார ஓட்டோவுக்கு இப்போது இன்னொரு காரணமும் உண்டு. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்சாரத்தை எடுக்க ஆளில்லாமல், கூரைச் சூரியத் தகடுகளை அணைத்து வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. பகலில் ஸ்டாண்டில் நிற்கிற ஓட்டோ அதை ஏற்றிக்கொள்ளலாம்.

ஓட்டோவை மாற்றத் தடை இருப்பது உரிமைப் பத்திரத்தில். பல ஓட்டோக்கள் லீசிங்கில் நிற்கின்றன. பணம் கட்டி முடியும்வரை வண்டி கம்பனியுடையது, ஓட்டுகிறவர் நினைத்தாலும் ஒப்படைக்க முடியாது. அவருக்கு இறக்குமதி வரியில் கழிவு கொடுத்துப் பயனில்லை. பழைய லீசிங்கின் மீதியை அரசு ஏற்று, அந்த ஓட்டோவை உடைத்து, புதியதன் வட்டியில் ஒரு பங்கைத் தாங்கினால் அவர் மாற்றுவார்.