ஊர்ப்பெயரும் ஒரு பாடம்தான்

எட்டாம் வகுப்பு, சமூக அறிவியல் பாடவேளை. ‘நான் பள்ளிக்கு வரும் வழி’ என்ற தலைப்பில் ஒவ்வொருவராக எழுந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவனின் முறை வந்தது. பீகாரிலிருந்து வந்த குடும்பம். அப்பாவுக்குப் பவுண்டரியில் வேலை. கற்றுக்கொண்ட தமிழில் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “நான் பேரியநாயக்கன்பாலயத்தில் இருந்து வரேன்.”

வகுப்பே சிரித்தது. “பேரிய... பாலயம்...” என்று பின்வரிசையில் இரண்டு பேர் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சிரித்தவர்களை அடக்கிவிட்டு, அவனைத் தேற்றுவதற்காக, “உன் சொந்த ஊர் எது?” என்று கேட்டபடி சேர்க்கைப் படிவத்தைப் பார்த்தேன். ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. “டர்பங்காவா?” என்றேன். அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான். “இல்ல டீச்சர், தர்பங்கா” என்றான். ‘ட’ இல்லை, ‘த’. இப்போது யாரும் சிரிக்கவில்லை. தவறு செய்தது டீச்சர் அல்லவா!

அன்று மாலை யோசித்துப் பார்த்தபோது, அவனும் நானும் ஒரே காரணத்தால்தான் தடுக்கியிருக்கிறோம் என்று புரிந்தது. ஓர் ஊரின் பெயரைக் காதால் கேட்பதற்கு முன்பே, இன்னொரு மொழியின் எழுத்தில் படித்திருக்கிறோம்.

எழுத்து எங்கே ஏமாற்றுகிறது?

நம் ரயில் நிலையப் பலகைகளில் தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று எழுத்துகளில் பெயர் இருக்கும். அந்த மாணவன் முதலில் படிக்கப் பழகியது இந்தி. இந்தியில் குறில் எகரத்துக்குத் தனி எழுத்து இல்லை. நெடில் ஏகாரம் மட்டுமே உண்டு. ளகரமும் அதன் அன்றாட வழக்கில் இல்லை. எனவே ‘பெரிய’ என்பது ‘பேரிய’ ஆகிறது, ‘பாளையம்’ ‘பாலயம்’ ஆகிறது. அவன் தவறாகப் படிக்கவில்லை. அவனுக்குத் தெரிந்த எழுத்தில் இருப்பதைச் சரியாகவே படித்திருக்கிறான்.

ஆங்கிலத்தின் சிக்கல் வேறு. நம்முடைய ‘த’ ஒலி சொல்லின் நடுவே மென்மையாக ஒலிக்கும். அந்த ஒலிக்குப் பழைய ஆவணங்களில் பெரும்பாலும் ‘டி’ எழுத்தையே போட்டார்கள். அதனால்தான் வெளியூர்க்காரர்கள் மருதமலையை ‘மருடமலை’ என்றும், மதுக்கரையை ‘மடுக்கரை’ என்றும் படிக்கிறார்கள். போத்தனூர் நெடுங்காலம் ரயில்வே எழுத்தில் ‘போடனூர்’ என்று படிக்கும்படியே இருந்தது. பீளமேட்டிலோ அதே ‘டி’ எழுத்து உண்மையாகவே ‘ட’ ஒலியைக் குறிக்கிறது. எழுத்தைப் பார்த்து மட்டும் எது த, எது ட என்று கண்டுபிடிக்க வழியே இல்லை.

குறில், நெடில் வேறுபாடும் இப்படித்தான் மறைந்துபோகிறது. வால்பாறை ‘வல்பரை’ ஆகிறது. சூலூர் ‘சுலுர்’ ஆகிறது. சிறுவாணியில் றகரமும் ணகரமும் காணாமல் போகின்றன. ஆழியாற்றில் ழகரம் போய்விடுகிறது. திருப்பூரில் ஒரு பகர எழுத்தை விட்டு எழுதினால், வடக்கிலிருந்து வருபவர் ‘திருபூர்’ என்கிறார். அவிநாசியில் நாம் ‘சி’ என்று சொல்லும் இடத்தில் ஆங்கில எழுத்து ‘ஷி’ என்று சொல்ல வைக்கிறது.

நானும் ஒருநாள் வெளியூர்க்காரிதான்

டெல்டா மாவட்டத்தில் பிறந்து, பணி நிமித்தமாகக் கோவைக்கு வந்தவள் நான். வந்த புதிதில் பயிற்சி ஒன்றுக்கு ஆனைகட்டி செல்ல வேண்டியிருந்தது. ஆணை ஆங்கிலத்தில் இருந்தது. காந்திபுரத்தில் பேருந்து ஏறி, “அணைக்கட்டி ஒன்று” என்று சீட்டுக் கேட்டேன். அங்கே ஏதோ அணை இருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். நடத்துநர் ஒரு நொடி பார்த்துவிட்டு, “ஆனைகட்டிங்களா, டீச்சர்?” என்று கேட்டுச் சீட்டைக் கொடுத்தார். சிரிக்கவில்லை, ‘அது தப்பு’ என்றும் சொல்லவில்லை. சரியான பெயரை ஒருமுறை என் காதில் போட்டார், அவ்வளவுதான். அந்த ‘ங்க’வில் இருந்த மரியாதையை இன்றும் மறக்கவில்லை. எங்கள் வகுப்பில் அந்த மாணவனுக்குக் கிடைக்காமல் போனது அதுதான்.

அரசும் முயன்று பார்த்தது

ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றும் முயற்சி நம் மாநிலத்திலேயே நடந்திருக்கிறது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்தை மாற்றும் அரசாணை 2020 ஜூன் மாதம் வெளியானது. கோயம்புத்தூருக்கும் தமிழ் ஒலிப்பை ஒட்டிய நீண்ட எழுத்துக்கூட்டல் தரப்பட்டது. தூத்துக்குடி, எழும்பூர், திருவல்லிக்கேணி போன்ற பெயர்கள் தமிழில் உள்ளபடியே ஆங்கிலத்திலும் வரும் என்று பலர் மகிழ்ந்தார்கள். ஆனால், ஏகார ஒலிக்கு இரண்டு ‘ஈ’ எழுத்துகளைப் போட்டதால் வேலூரை ‘வீலூர்’ என்று படிக்க நேரும் எனப் பலர் சுட்டிக்காட்டினர். சில நாள்களிலேயே அந்த ஆணை திரும்பப் பெறப்பட்டது.

இதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் ஆர்வமாகக் கேட்கிறார்கள். 26 எழுத்துகளைக் கொண்டு நம் ஒலிகள் எல்லாவற்றையும் அடைத்துவிட முடியாது என்பது அவர்களுக்கு உடனே விளங்குகிறது. எப்படி எழுதினாலும், ஊர்ப்பெயர் வாயிலிருந்து காதுக்குப் போனால்தான் சரியாகப் போய்ச் சேரும். அதற்குப் பள்ளியைவிடப் பொருத்தமான இடம் எது?

பலகையில் இருப்பது, பாட்டி சொல்வது

மறுவாரம் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒவ்வொருவரும் ஐந்து ஊர்ப்பெயர்களைச் சேகரிக்க வேண்டும். நான்கு கட்டங்கள்: பலகையில் தமிழில் இருப்பது, ஆங்கிலத்தில் இருப்பது, வீட்டில் பெரியவர்கள் சொல்வது, பெயருக்குச் சொல்லப்படும் பொருள்.

மூன்றாவது கட்டம்தான் களைகட்டியது. “எங்க அம்முச்சி பூளமேடுன்னுதாங்க சொல்லுவாங்க” என்றாள் ஒரு மாணவி. பூளைச்செடி நிறைந்த மேடு என்பதால் பூளைமேடு, அதுவே பீளமேடு ஆனது என்பார்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்ட நாம் வைக்கும் அதே பூளைப்பூதான். கோயம்புத்தூரைப் பெரியவர்கள் கோயமுத்தூர் என்கிறார்கள். கிணத்துக்கடவு பேச்சில் ‘கெணத்துக்கடவு’. கோபிசெட்டிபாளையம் கோபி, சத்தியமங்கலம் சத்தி, உடுமலைப்பேட்டை உடுமலை. காங்கேயம் என்று எழுதுகிறோம். பலரும் காங்கயம் என்கிறார்கள். இவற்றில் எதுவும் கொச்சை இல்லை. எழுத்து வழக்கு தேர்வுத்தாளுக்கு. பேச்சு வழக்கு ஊருக்கு. இரண்டும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாட்டி சொல்வதைச் சொன்னதற்காக எந்தக் குழந்தையையும் நாம் திருத்தித் தலைகுனிய வைத்துவிடக் கூடாது.

நான்காவது கட்டம் ஒலிப்புக்கே துணை செய்தது. ஆனையைக் கட்டிய இடம் என்று பிரித்துப் பார்த்தவர் ‘அணைக்கட்டி’ என்று சொல்ல மாட்டார். மருத மரத்தை நினைத்துக்கொண்டால் ‘மருடமலை’ வராது. பாளையம், புதூர், வலசு, மடை, கடவு என்று முடியும் பெயர்களை வகைப்படுத்தினால், படை தங்கிய இடம், புதிதாக எழுந்த ஊர், இடம்பெயர்ந்து வந்தவர்கள் குடியேறிய இடம், நீர் பாயும் வழி, கடந்து செல்லும் பாதை என்று கொங்கு நாட்டின் வரலாறும் நிலவியலும் பெயர்களிலேயே விரிகின்றன. வலசு என்றால் என்ன என்று விளக்கியபோது, பீகார் மாணவன் கையை உயர்த்தி, “நாங்களும் வலசுதானா, டீச்சர்?” என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

நாம் செய்யக்கூடியவை

புதிதாக ஓர் ஊருக்கு மாறுதலில் செல்லும் ஆசிரியர்களுக்கும், சுற்றுலா செல்லும் மாணவர்களுக்கும் என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். ஊர்ப்பெயரைத் தமிழ்ப் பலகையில் படியுங்கள். அதற்கும் முன்பு உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள். “இதை எப்படிங்க சொல்றது?” என்று கேட்டால் எந்த ஊரிலும் முகம் சுளிக்க மாட்டார்கள். ஆனால், திரைப்பட நகைச்சுவையில் கேட்டதைப் போலக் கொங்குத் தமிழை இழுத்துப் பேசிக் காட்ட வேண்டாம். அது கேலியாகத்தான் படும். உங்கள் பேச்சு உங்களுடையதாகவே இருக்கட்டும். பெயர் மட்டும் அவர்களுடையதாக இருந்தால் போதும். ஊர் உங்களை ஏற்றுக்கொள்ளும்.

கல்வியாண்டின் முதல் வாரத்தில் ஒவ்வொரு மாணவரிடமும் சொந்த ஊரின் பெயரைச் சொல்லச் சொல்லி, அவர் ‘சரி’ என்று சொல்லும்வரை நாம் திரும்பச் சொல்லிப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலைதான். அதில் ஒருநாள் மட்டுமாவது ஆசிரியர் மாணவராகவும் மாணவர் ஆசிரியராகவும் இருப்பார்கள்.

எங்கள் வகுப்புச் சுவரில் இப்போது ஊர்ப்பெயர் வரைபடம் ஒன்று இருக்கிறது. காரமடை, துடியலூர், பெரியநாயக்கன்பாளையம் எல்லாம் அருகருகே இருக்கின்றன. இடம் போதாமல், மேல் ஓரத்தில் தனித்தாள் ஒட்டித் ‘தர்பங்கா’ என்று எழுதியிருக்கிறோம். அன்று பின்வரிசையில் சிரித்த இருவர்தான் அதை எழுதினார்கள். முதல் எழுத்து ‘த’வா, ‘ட’வா என்று அவனிடமே கேட்டுவிட்டு எழுதினார்கள்.