ரோட்ஸ்டர் மிதிவண்டியை நெடும்பயணத்துக்குச் சீரமைத்தல்

ரோட்ஸ்டர் என்பது எஃகுச் சட்டம், 28 அங்குலச் சக்கரங்கள், கம்பி பிரேக், மட்கார்டு, கேரியர் ஆகியவற்றைக் கொண்ட பழைய வகை மிதிவண்டி ஆகும். பேச்சுவழக்கில் இதைப் 'பெரிய சைக்கிள்' என்பர். கூரையில்லாத ஒருவகை மோட்டார் காருக்கும் இப்பெயர் உண்டு. இக்கட்டுரை மிதிவண்டி பற்றியது. இங்கிலாந்திலிருந்து வந்த இவ்வமைப்பில், 1949-இல் தொடங்கப்பட்ட சென்னை டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ் முதலிய வண்டிகளைத் தயாரித்தது.

புதுக்கோட்டையும் மிதிவண்டியும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு பெண்களுக்கு மிதிவண்டிப் பயிற்சியும் அளித்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதற்கு ஊக்கமளித்தார். பல்லாயிரம் கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றனர். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் ஆண்கள் வண்டியையே விரும்பியவர்களும் உண்டு. பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை விரிவாகப் பதிவு செய்துள்ளார். பேருந்துக்கும் வீட்டு ஆண்களுக்கும் காத்திராமல் வெளியே சென்றுவர அவ்வண்டி வழிசெய்தது. அத்தகைய வண்டி துருவேறிக் கிடந்தாலும், சட்டத்தில் விரிசல் இல்லையெனில் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஓவராயில் செய்தல்

முதலில் சட்டத்தின் இணைப்புகளிலும் முன் ஃபோர்க்கிலும் விரிசல் உண்டா எனப் பார்க்க வேண்டும். விரிசல் கண்ட ஃபோர்க்கை மாற்றிவிடுவதே பாதுகாப்பு. பின்னர் இரு சக்கர அச்சுகள், பெடல் அச்சு, ஹேண்டில் கழுத்து ஆகியவற்றைப் பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, குழிவிழுந்த குண்டுகளை மாற்றிப் புது கிரீஸ் வைக்க வேண்டும்.

செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அது 12⅛ அங்குலத்தைத் தாண்டினால் செயின் தேய்ந்துவிட்டது என்று பொருள். தேய்ந்த செயின் பல்சக்கரங்களையும் தேய்க்கும்.

கிராங்கைப் பிடித்திருப்பது காட்டர் பின். இது தளர்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் 'டக்' என்ற ஒலி எழும். கிராங்குக்கு அடியில் முட்டுக் கொடுத்துப் பின்னை அடித்து இறக்கிய பிறகே நட்டை முடுக்க வேண்டும்; நட்டைக் கொண்டு பின்னை இழுத்தால் மரை அறுந்துவிடும்.

பிரேக்கும் சக்கரமும்

கம்பி பிரேக்கின் கட்டைகள் ரிம்மின் உட்புறத்தை அழுத்துகின்றன. ஆகவே சக்கரம் பக்கவாட்டில் நேராக இருந்தால் மட்டும் போதாது. வட்டமும் பிசகக் கூடாது. போக்ஸ் கம்பிகளை முடுக்கிக் கோட்டம் எடுத்த பின்னரே பிரேக்கைச் சரிசெய்ய வேண்டும். எஃகு ரிம் மழையில் நனைந்தால் பிரேக் பிடிப்பு வெகுவாகக் குறையும்; அப்போது மெதுவாகச் செல்வதே வழி.

இப்பகுதிச் சாலையோரங்களில் சீமைக்கருவேல முள் மிகுதி. பழைய டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துப் பார்த்தால், முறிந்து தங்கிய முள் துணியில் சிக்கும். அதை நீக்காமல் டியூபை மட்டும் ஒட்டினால் மீண்டும் பஞ்சராகும்.

பயணத்துக்கு முன்

44 பல் முன் பல்சக்கரமும் 18 பல் ஃப்ரீவீலும் உள்ள வண்டி, ஒரு முழு மிதிக்கு ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். கியர் இல்லாததால் ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவது முழங்காலுக்கு நல்லது. மணிக்கு 12 கி.மீ. எனக் கொண்டால், ஏறத்தாழ 55 கி.மீ. தொலைவிலுள்ள திருச்சிக்கு ஓய்வு நீங்கலாக நாலரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கோடையில் விடியற்காலையிலேயே புறப்பட வேண்டும்.

சீரமைத்த உடனே நெடுந்தொலைவு செல்லக் கூடாது. சித்தன்னவாசல் போன்ற அருகிலுள்ள இடத்துக்கு ஒருமுறை சென்று திரும்பி, காட்டர் பின், அச்சு நட்டுகள், போக்ஸ் கம்பிகள் ஆகியவற்றை மீண்டும் முடுக்க வேண்டும். புதிதாகப் பொருத்தியவை முதல் சில கிலோமீட்டர்களில்தான் தளரும்.

உடன் எடுத்துச் செல்ல வேண்டியவை: காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், மாற்று டியூப், வால்வு ரப்பர், ஸ்பேனர், ஒரு காட்டர் பின், குடிநீர். பழுதுபார்க்கும் கடைகள் குறைந்துவரும் இக்காலத்தில், பஞ்சர் ஒட்டவும் செயின் மாட்டவும் ஓட்டுபவரே அறிந்திருப்பது நல்லது. அறிவொளிப் பயிற்சியில் ஓட்டக் கற்ற தாய்மார்களின் வண்டியைப் பிள்ளைகள் சீரமைக்கக் கற்பது, அப்பணியின் தொடர்ச்சியாகவே அமையும்.